ஸெம்மல்வைஸ் என்னும் பிரசவ வைத்தியர்

டான்யூப் நதியின் மேற்குக் கரையில் புடா என்றும் கிழக்குக் கரையில் பெஸ்ட் என்றும் இரண்டு நகரங்கள் எதிரெதிராக நெடுங்காலம் இருந்துவந்தன. இவை 1873-ம் ஆண்டில் ஒரே நகரமாக இணைக்கப்பட்டுப் புடாபெஸ்ட் என்று பெயர் பெற்றன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1818-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதியன்று, புடா நகரில் தாபான் என்னும் பகுதியில் மளிகை வாணிகம் செய்து பொருளீட்டிய யோஸெப் ஸெம்மல்வைஸ் என்பவருக்கு ஐந்தாவது மகவாய்ப் பிறந்தவரே இக்னாஸ் பிலிப் ஸெம்மல்வைஸ். உடன்பிறந்தார் பலர், ஆயினும் வீட்டில் வறுமை இல்லை. வீட்டில் வழங்கியது ஜெர்மன் மொழியின் ஒரு கொச்சை வழக்கு. வெளியிலோ ஹங்கேரிய மொழி. இதனால் எம்மொழியிலும் பிழையறத் தெளிவாக எழுதும் வன்மை இவருக்குக் கைவரவில்லை என்றும், எழுதுகோலைக் கையிலெடுக்கவே இவர் கூசினார் என்றும் சரிதம் எழுதினோர் கூறுவர். இஃது ஒரு சிறு குறையாகத் தோன்றலாம். இக்குறைக்காக எத்தனை தாய்மார் தம் உயிரைக் கொடுக்க நேர்ந்தது என்பது பின்னர் விளங்கும்.

தந்தையார் மகனைச் சட்டம் பயிற்றிப் பெரிய உத்தியோகத்தில் அமர்த்த விரும்பி, 1837-ம் ஆண்டில் வியன்னா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். சட்டம் படிக்கச் சென்ற பிள்ளை ஓராண்டிற்குள் அதை விட்டு வைத்தியம் படிக்கலானார். வியன்னாவிலும் பெஸ்ட்டிலும் பயின்று 1844-ம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். பொது வைத்தியத்தில் துணையாசிரியராக அமர விரும்பினார், அவ்விடம் கிடைக்கவில்லை. ஆகவே பிரசவ வைத்தியத்தில் புகுந்தார். அந்நாளில் வைத்தியருள் அதனை மேலாக மதித்தவர் சிலரே. மருத்துவச்சிகளின் தொழில் என்று ஒதுக்கப்பட்டிருந்த அத்துறை, வேறிடம் கிடையாதவர் புகும் வாயிலாகவே இருந்தது.

அக்காலத்து வியன்னா, ஐரோப்பாவின் வைத்தியக் கல்விக்குத் தலைநகராய் விளங்கியது. ரோகிட்டான்ஸ்கி என்னும் பேரறிஞர் இறந்தோர் உடலை அறுத்துச் சோதித்து நோயின் இருப்பிடத்தை நேரே கண்டறியும் முறையை அங்கே ஓங்கச் செய்திருந்தார். ஸ்கோடா என்பவர் மார்பைத் தட்டியும் செவியால் கேட்டும் உள்நோயை உணரும் கலையில் வல்லவர். ஹெப்ரா என்பவர் தோல்நோய் வைத்தியத்தில் தலைசிறந்தவர். இம்மூவரும் ஸெம்மல்வைஸுக்கு ஆசிரியரும் நண்பருமாயினர். பிரேத பரிசோதனை அங்கே ஒரு பெருமையாகவே கருதப்பட்டது. மாணவர் காலையில் பிரேத அறையில் கற்று, அங்கிருந்து நேரே நோயாளரிடம் செல்வர். உண்மையை நாடிய அந்நன்முறையே கொடுமைக்கும் வழியாயிற்று என்பதை அப்போது யாரும் அறிந்திலர்.

வியன்னாவின் பெரிய பொது ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதி இரண்டு பிரிவுகளாய் இருந்தது. 1840-ம் ஆண்டில் பிறந்த ஓர் ஆணைப்படி, முதற் பிரிவில் வைத்திய மாணவரும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியராகப் பயிலும் பெண்களும் பயிற்சி பெறுவாராயினர். இரண்டிற்கும் கட்டடம் ஒன்றே, உணவும் ஒன்றே. ஒருநாள் ஒரு பிரிவிலும் மறுநாள் மற்றதிலுமாகக் கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். ஆயினும் சாவு மட்டும் ஒன்றாயில்லை. 1846-ம் ஆண்டில் முதற் பிரிவில் பிள்ளை பெற்ற 4,010 பேரில் 459 பேர் மாண்டனர். அஃதாவது நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேரே மாண்டனர். நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. அவர்களைக் கொன்றது பிரசவ ஜுரம். பிள்ளை பிறந்த இரண்டு மூன்று நாளில் குளிர் நடுக்கம் கண்டு, காய்ச்சல் ஏறி, வயிறு உப்பித் தொடவொண்ணாத வலியெடுத்து, அறிவு கலங்கி, ஒரு வாரத்திற்குள் தாய் இறப்பாள். பச்சிளங் குழவியும் பலமுறை அவளைத் தொடர்ந்து இறக்கும்.

அங்கே பிள்ளை பெற வந்தோர் செல்வர் வீட்டுப் பெண்கள் அல்லர். வறியோரும், மணமாகாது கருவுற்றோருமே அந்த ஆஸ்பத்திரியைத் தேடி வந்தனர். எந்த நாளில் எந்தப் பிரிவு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். முதற் பிரிவின் நாளில் வந்துவிட்ட பெண்கள், இரண்டாம் பிரிவில் சேர்க்குமாறு காலில் விழுந்து வேண்டுவர். சிலர் அந்நாளின் எல்லை கழியும்வரை வலியைப் பொறுத்துக் காத்திருப்பர். சிலர் வழியில் தெருவிலேயே பிள்ளையைப் பெற்று, பின்பு தூக்கிவரப்படுவர். வியப்பென்னவெனில், தெருவில் பெற்றவர் பெரும்பாலும் பிழைத்தனர். பேராசிரியர் கண்பார்வையில் பெற்றவரே மாண்டனர். 1846-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் முதற் பிரிவின் துணை வைத்தியராக முறைப்படி அமர்ந்த ஸெம்மல்வைஸுக்கு, இம்முரண்பாடு உண்ணவும் உறங்கவும் இடங்கொடாத வேதனையாயிற்று.

காரணம் கூறுவோர் பலர் இருந்தனர். காற்றிலும் மண்ணிலும் விண்ணிலும் உண்டாகும் ஏதோ ஒரு நச்சு மாற்றமே காரணம் என்றனர் பெரியோர். அப்படியாயின் ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மட்டும் ஏன் சாக வேண்டும்? நெருக்கடி என்றனர் சிலர். ஆனால் பெண்கள் அஞ்சி ஓடிவந்து சேர்ந்தமையால் நெருக்கடி மிகுந்தது இரண்டாம் பிரிவிலேயே. இறப்பவர்க்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலியுடன் வார்டுகளின் ஊடே செல்வதால் உண்டாகும் அச்சம் என்று ஒரு கருத்து இருந்தது, ஸெம்மல்வைஸ் அவரைச் சுற்றுவழியில் மணியின்றி வரச் செய்தார், பயனில்லை. இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளை பெற்றமையால், முதற் பிரிவிலும் அவ்வாறே செய்வித்தார், அதனாலும் பயனில்லை. அயல்நாட்டு மாணவர் முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதே காரணம் என்று விசாரணைக் குழு ஒன்று தீர்மானித்து மாணவர் தொகையைப் பாதியாகக் குறைத்தது. குழந்தையின் தலை வரும் வழியில் மாணவனின் விரல் எம்மாத்திரம்? இவ்வாறு ஒவ்வொன்றாய் எடுத்துச் சோதித்துத் தள்ளிய இம்முறையை விஞ்ஞான மாணவர் ஊன்றிக் கவனித்தல் நன்று. அவர் கையில் பூதக்கண்ணாடியும் இல்லை, இரசாயனச் சாலையும் இல்லை. ஆஸ்பத்திரிக் கணக்குப் புத்தகமே இருந்தது.

1847-ம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், மனச்சோர்வு நீங்க வேண்டி, நண்பர் இருவருடன் வெனிஸ் நகரத்துக்குச் சென்றார். திரும்பி வந்தபோது ஒரு துக்கச் செய்தி காத்திருந்தது. இவர் மிகவும் மதித்த கொல்லெட்ச்கா என்னும் பேராசிரியர், பிரேத பரிசோதனையின்போது மாணவனொருவன் கைக்கத்தி தவறி விரலில் குத்த, அப்புண் நச்சேறி இறந்துபோனார். அவரது உடலைச் சோதித்தோர் எழுதிய குறிப்பை ஸெம்மல்வைஸ் வாசித்தார். நிணக்குழாய் அழற்சி, நுரையீரல் உறையில் அழற்சி, வயிற்று உறையில் அழற்சி, மூளை உறையில் அழற்சி. பிரசவ ஜுரத்தால் மாண்ட நூற்றுக்கணக்கான பெண்களின் உடலில் தாம் நாள்தோறும் கண்டவை இவையே அல்லவா! பேராசிரியர் ஆண்மகன், பிள்ளை பெற்றவர் அல்லர். ஆகவே பிரசவ ஜுரம் பிரசவத்திற்கே உரிய நோய் அன்று. பிணத்தினின்று ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து கொல்கிறது. கொல்லெட்ச்காவுக்கு அதைக் கத்தி கொடுத்தது. தாய்மாருக்குக் கொடுத்தது எது? பிரேத அறையிலிருந்து நேரே வந்து அவர்களைப் பரிசோதித்த கைகளே. இரண்டாம் பிரிவின் மருத்துவச்சியர் பிரேதத்தைத் தொடுவதில்லை. தெருவில் பெற்றவளை யாரும் பரிசோதிப்பதில்லை. வலி நீண்டு பலமுறை பரிசோதிக்கப்பட்ட முதற் சூல் பெண்களே மிகுதியாய் மாண்டனர். சிதறிக்கிடந்தவை எல்லாம் ஒரே நூலில் கோக்கப்பட்டன.

சோப்பிட்டுக் கழுவிய பின்னும் கையில் பிணவாடை நீங்காதிருப்பதை அவர் அறிவார். வாடை இருக்கும்வரை அப்பொருளும் இருக்கும் என்று கருதி, வாடையைப் போக்கவல்ல குளோரின் நீரை முதலில் எடுத்தார். அது விலை மிகுந்ததாகையால் பின்னர்ச் சுண்ணக் குளோரைடை, அஃதாவது நாம் பிளீச்சிங் பவுடர் என்று அறிந்ததை, நீரில் கலந்து பயன்படுத்தினார். 1847-ம் ஆண்டு மே மாத நடுவில், வார்டிற்குள் நுழையும் ஒவ்வொருவரும் அந்நீரில் கை கழுவியே செல்ல வேண்டுமென்று கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, ஜூனில் இரண்டளவிற்கு இறங்கியது. ஜூலையில் 250 பேரில் மூவரே இறந்தனர். 1848-ம் ஆண்டு முழுவதிலும் 3,556 பேரில் 45 பேர். அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு தாய்கூட இறக்கவில்லை. கணக்கில் இதைவிடத் தெளிவான சான்று வைத்திய சரித்திரத்தில் அரிது.

இடையில் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. 1847-ம் ஆண்டு அக்டோபரில், கருப்பையில் புற்று வைத்துச் சீழ் ஒழுகிய ஒருத்தி முதற் கட்டிலில் சேர்க்கப்பட்டாள். வைத்தியர் வார்டிற்குள் நுழையும்போது குளோரின் நீரில் கழுவிய கையோடு அவளைப் பரிசோதித்து, பின்பு அடுத்தடுத்த கட்டில்களுக்குச் செல்கையில் சோப்பினால் மட்டுமே கழுவினர். அவளை அடுத்துப் பரிசோதிக்கப்பட்ட பன்னிருவரில் பதினொருவர் மாண்டனர். பிணத்தினின்று மட்டுமன்றி, உயிருள்ளவர் புண்ணினின்றும் நச்சு பரவும் என்பதை ஸெம்மல்வைஸ் இதனால் கண்டார். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலும் குளோரின் நீரில் கழுவ வேண்டுமென விதித்தார். சில நாட்களில் முழங்கால் எலும்பு அழுகிய ஒரு பெண்ணால் அறை முழுதும் நோய் கண்டது. அதுமுதல் அத்தகையோரைத் தனியறையில் வைத்தார். அழுகும் உயிர்ப்பொருள் எதுவாயினும் பிரசவ ஜுரத்தை உண்டாக்கும் என்பதே அவர் கொள்கையின் முழு வடிவம். அப்பொருள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. மிகச் சிலரிடம், உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு முதலியன அழுகித் தாயின் உடலிலேயே தோன்றுகிறது என்றும் அவர் வகுத்தார். இப்பிரிவினையை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக; இதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இக்கண்டுபிடிப்பு இவருக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. பிரசவ ஜுரத்தின் உண்மையை அறியும் ஆவலால், ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மாண்ட பெண்களை அறுத்துச் சோதித்து, பின்பு உயிருள்ள பெண்களிடம் சென்றவர் இவரே. வேறெவரினும் மிகுதியாகப் பிரேதத்தைத் தொட்டவரும் இவரே. தம்மால் அகாலத்தில் குழிக்குச் சென்றவர் எத்தனை பேர் என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்ற கருத்தைத் தம் நூலில் மறையாது எழுதினார். மற்ற வைத்தியரிடமும் இதே ஒப்புதலை அவர் எதிர்பார்த்தார். ஆனால் தம் கையே கொன்றது என்று ஏற்பது எத்தனை பேரால் இயலும்? கீல் நகரத்துப் பிரசவ வைத்தியர் மிகாயலிஸ் என்பவர் இக்கொள்கையை ஏற்றார். தாம் பிரசவம் பார்த்த உறவினள் ஒருத்தி இந்த ஜுரத்தால் இறந்திருந்தாள். அத்துயரம் தாளாது 1848-ம் ஆண்டில் அவர் ரயில்வண்டியின் முன் வீழ்ந்து உயிர்விட்டார். பெரும்பாலோர் வேறு வழியை மேற்கொண்டனர், கொள்கையையே மறுத்துவிட்டனர்.

மறுத்தவரெல்லாம் தீயோர் அல்லர் என்பதையும் நாம் கூறவேண்டும். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் அறிவு அன்று தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள், மிகச் சிறிய அளவில், கையில் ஒட்டியிருந்து கொல்லும் என்பதற்கு ஸெம்மல்வைஸ் காட்டவல்லது கணக்கு ஒன்றே. இங்கிலாந்திலோ இந்நோய் தொத்துநோய் என்பதை முன்பே பலர் ஒப்புக்கொண்டிருந்தனர். அபர்டீன் நகரத்து அலெக்ஸாண்டர் கார்டன் 1795-ம் ஆண்டிலும், அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-ம் ஆண்டிலும், வைத்தியரும் மருத்துவச்சியருமே இதனை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டு செல்கின்றனர் என்று எழுதினர். ஆகையால் வியன்னாச் செய்தி ஆங்கிலேயருக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஸெம்மல்வைஸ் தாமே ஒன்றும் எழுதினாரில்லை. 1847-ம் ஆண்டு டிசம்பரில் ஹெப்ராவே நண்பருக்காக எழுதி, இக்கண்டுபிடிப்பை ஜென்னரின் அம்மைப்பாலுக்கு நிகராக வைத்தார். ஸ்கோடாவும் பரிந்து பேசினார். கண்டறிந்தவர் மட்டும் வாளாவிருந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே அவர் நூல் வெளிவந்தது. அப்பதின்மூன்று ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிரசவ ஆஸ்பத்திரிகளில் மாண்டோரை எண்ணும்போது, இம்மௌனத்தை எளிதில் மன்னிக்க நம்மால் இயலவில்லை.

முதற் பிரிவின் தலைவர் கிளைன் என்பவர் பழைமையில் ஊறியவர். தம் பிரிவில் நிகழ்ந்த சாவுகளுக்கு விளக்கம் கூறும் எவரையும் விரும்பாதவர். 1848-ம் ஆண்டின் புரட்சியில் வியன்னாவும் ஹங்கேரியும் கொந்தளித்தன. அதன் பின்னர் ஹங்கேரியர் மீது ஐயப்பார்வை விழுந்தது. 1849-ம் ஆண்டில் ஸெம்மல்வைஸின் பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. 1850-ம் ஆண்டு மே மாதத்தில் நண்பர் வற்புறுத்தலால் வியன்னா வைத்தியர் சங்கத்தில் பேசினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. ஆனால் பயிற்சிப் பொம்மையைக் கொண்டு மட்டுமே கற்பிக்கலாம் என்னும் நிபந்தனையோடு. அவமானம் பொறாது, தமக்காகப் போராடிய ஹெப்ரா, ஸ்கோடா முதலியோரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பெஸ்ட்டை அடைந்தார். ஸ்கோடா இதனை மறக்கவில்லை.

பெஸ்ட் நகரத்துப் புனித ரோக்குஸ் ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியை 1851-ம் ஆண்டு முதல் ஆறாண்டுகள் கவனித்தார். அக்காலத்தில் அங்கே பிள்ளை பெற்ற 933 பேரில் பிரசவ ஜுரத்தால் இறந்தவர் எண்மரே. 1855-ம் ஆண்டில் பெஸ்ட் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். அங்கே மீண்டும் நோய் தலைகாட்டியபோது, சரியாக வெளுக்காத படுக்கைத் துணிகளே காரணம் என்று கண்டு அதிகாரிகளோடு போராடினார். 1857-ம் ஆண்டில் மரியா வைடன்ஹோஃபர் என்னும் இளம்பெண்ணை மணந்தார். மக்கள் ஐவரில் முதலிருவர் குழவிப் பருவத்திலேயே இறந்தனர். ஸூரிச் நகரத்தார் அழைத்த பேராசிரியர் பதவியை ஏற்காது தாய்நாட்டிலேயே தங்கினார்.

பிரசவ ஜுரத்தின் காரணம், இயல்பு, தடுப்புமுறை ஆகியவற்றைக் கூறும் அவரது பெருநூல் 1860-ம் ஆண்டின் இறுதியில் 1861 என்னும் ஆண்டு பொறித்து வெளிவந்தது. அட்டவணைகளால் நிறைந்தது, கூறியது கூறலால் நீண்டது, இடையிடையே எதிரிகள்மேல் சினம் பொங்குவது. பெரும்பாலோர் வாசிக்கவில்லை, வாசித்தோரில் பலர் எள்ளினர். புகழ்பெற்ற விர்ச்சோவும் ஏற்கவில்லை. அதன்மேல் ஸெம்மல்வைஸ் ஜெர்மன் பேராசிரியர் பெயரைக் குறிப்பிட்டே பகிரங்கக் கடிதங்கள் அச்சிட்டு, அவர்களைக் கொலைகாரர் என்று சாடினார். நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஆயினும் சாடப்பட்டவர் மனம் மாறியதாகச் சரித்திரம் கூறவில்லை.

1865-ம் ஆண்டில் அவர் அறிவு தடுமாறலாயிற்று. ஜூலை மாத இறுதியில், ஹெப்ராவின் புதிய வைத்தியசாலையைப் பார்க்கலாம் என்று கூறி வியன்னாவுக்கு அழைத்துச் சென்று, ஒரு மனநோய் விடுதியில் விட்டுவந்தனர். உண்மையை அறிந்து வெளியேற முயன்றபோது காவலாளர் அவரைக் கடுமையாக அடித்தனர் என்று பிற்காலத்தில் வெளிவந்த குறிப்புகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர் கருதுவர். இரண்டு வாரங்களில், ஆகஸ்டு 13-ந் தேதி, நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். புண் நச்சேறி இரத்தத்தில் கலந்ததே சாவின் காரணம். கொல்லெட்ச்காவைக் கொன்றதும், வியன்னாத் தாய்மாரைக் கொன்றதும் அதே நோய். அதற்கு முந்தின நாளில்தான் கிளாஸ்கோ நகரத்தில் லிஸ்டர் என்னும் இரணவைத்தியர், எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காத்து, புதிய இரணசிகிச்சைக்கு அடிகோலினார். இவர்கள் ஒருவரையொருவர் அறியார்.

1879-ம் ஆண்டில் பாரிஸ் வைத்தியக் கழகத்தில், பிரசவ ஜுரத்திற்குக் காரணம் பேசிக்கொண்டிருந்த ஒருவரை இடைமறித்துப் பாஸ்தர் எழுந்து, மணிமாலை போலக் கோத்த கிருமி வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனப்படும் அக்கிருமியே ஸெம்மல்வைஸ் வாடையால் உணர்ந்த நச்சுப்பொருள். இத்துடன் வழக்குத் தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் நாம் முன்னே நிறுத்திவைத்த வினா அப்போதுதான் கூர்மையடைந்தது. வைத்தியர் கை தூயதாயிருந்தும் சிலர்க்கு ஜுரம் காண்பது ஏன்? தாயின் பிறப்புவழியிலேயே கிருமிகள் குடியிருக்கின்றனவா? குடியிருந்தால் எல்லாத் தாய்மாரும் ஏன் நோயுறுவதில்லை? இவ்விஷயத்தை வெளிப்படையாகப் பேச நாணுவோர் உளர். கண்ணைப் பற்றியும் காதைப் பற்றியும் நாணாது பேசுகிறோம். நாம் ஒவ்வொருவரும் உலகத்திற்கு வந்த வழியைப் பற்றி அறிய நாணுவது அறிவுடைமையன்று.

இதற்கு விடை தேடியவருள் முதன்மையானவர் ஆல்பெர்ட் டோடர்லைன். 1860-ம் ஆண்டில் பிறந்த ஜெர்மானியர். லைப்ஸிக் நகரத்தில் பணியாற்றினார். யோனியில் சுரக்கும் நீரையும், அதற்கும் பிரசவ ஜுரத்திற்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்து 1892-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சுகமுள்ள பெண்ணிடம் அந்நீர் புளிப்புத் தன்மையுடையது. அதில் கோல் வடிவான ஒருவகை நுண்ணுயிரே மிகுந்திருக்கிறது. அது லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அவ்வமிலம் சீழ்க்கிருமிகளை வளரவிடுவதில்லை என்று காட்டினார். அந்நீர் திரிந்து புளிப்புக் குறைந்தவிடத்தோ பலவகைக் கிருமிகள் கூடுகின்றன. ஸெம்மல்வைஸ் கொல்லும் பொருள் ஒன்று கைவழியே உள்ளே செல்வதைக் கண்டார். உள்ளே காவல் காப்பன ஏற்கனவே உள்ளன என்பதை டோடர்லைன் கண்டார். அக்கோல் நுண்ணுயிர் நெடுங்காலம் டோடர்லைன் பெயராலேயே வழங்கிற்று. இந்நாளில் லாக்டோபாசிலஸ் என்னும் பேரினத்துள் அடங்கிய பல இனங்கள் என அது பிரித்தறியப்பட்டுள்ளது. நம் வீட்டுப் பாலைத் தயிராக்குவனவற்றிற்கு அவை உறவினமே. ஒன்றே என்று கொள்ளுதல் தவறு.

அக்காவல் நடைபெறும் முறை அழகியது. பெண் பருவமடைந்ததும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பின் ஏவலால் யோனியின் உட்தோல் தடித்து, கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமிக்கிறது. அது சிதைந்து உண்டாகும் சர்க்கரைகளை இந்நுண்ணுயிர்கள் உண்டு அமிலமாக்குகின்றன. தாய் உடல் உணவளிக்கிறது. விருந்தினர் வாயிலைக் காக்கின்றனர். 2011-ம் ஆண்டில் வட அமெரிக்கப் பெண்கள் 396 பேரிடம் மரபணு முறையில் ஆராய்ந்தபோது, பெரும்பாலோரிடம் லாக்டோபாசிலஸ் இனங்களில் ஏதேனும் ஒன்று மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரிடம் அவ்வாறன்றிப் பலவினம் கலந்த கூட்டம் இருந்தது. அவர்களும் நோயற்றவர்களே. ஆகையால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஆயினும் காவல் குலைந்து, காற்றில்லாமல் வாழும் கிருமிகள் மிகுந்து, புளிப்புக் குறைந்து, துர்நாற்றத்துடன் நீர் கசியும் நிலை ஏற்படுமானால், மாதம் நிறையாமல் பிள்ளை பிறத்தல், கருப்பையிலும் அதன் குழாய்களிலும் அழற்சி, எச்.ஐ.வி. முதலியன எளிதில் தொற்றுதல் ஆகிய கேடுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அந்நிலைக்கு மருந்து உண்டு. ஆனால் அது திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தும் குறைமாதப் பிரசவம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆராய்ச்சி இன்னும் நடைபெறுகிறது.

ஒன்று மட்டும் தெளிவு. கையைக் கழுவுவது போலவே உள்வழியையும் மருந்து நீரால் கழுவுதல் நன்று என்று பலர் எண்ணினர். இன்றும் எண்ணுவோர் உளர். அங்ஙனம் கழுவும்போது அமிலமும் காவல் நுண்ணுயிரும் சேர்ந்தே கழுவப்படுகின்றன. கேடு குறையாமல் மிகுகிறது. அன்றியும், கர்ப்ப காலத்தில் ஓங்கியிருக்கும் லாக்டோபாசிலஸ் கூட்டம், பிள்ளை பிறந்து ஈஸ்ட்ரோஜன் வீழ்ந்தவுடன் பெரிதும் குறைந்துவிடுகிறது என்று இக்காலத்தார் கண்டுள்ளனர். நஞ்சு பிரிந்த இடமோ பச்சைப் புண். காவல் விலகி, கதவு திறந்து, புண் ஆறாதிருக்கும் அச்சில நாட்களில்தான் வியன்னாவின் மாணவர் பிரேத அறையிலிருந்து கையோடு கொண்டுவந்ததைத் தாய்மாரின் உடலில் விதைத்தனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குலத்திலேயே மற்றொரு வகை, எவ்வித நோயும் காட்டாமல் பல பெண்களிடம் இயல்பாகத் தங்கியிருந்து, பிறக்கும்போது குழந்தையைப் பற்றிக்கொள்ளும் என்பதும் இன்று தெரியும். அதற்காகப் பல நாடுகளில் கர்ப்பிணிகளைச் சோதித்துப் பிரசவ வேளையில் மருந்து செலுத்துகின்றனர். கேடு வெளியிலிருந்தும் வரலாம், உள்ளிருந்தும் எழலாம் என்று ஸெம்மல்வைஸ் பிரித்த பிரிவு, அவர் கருதிய பொருளில் அன்றாயினும், இன்றளவும் பிழையாகவில்லை.

ஸெம்மல்வைஸின் உடல் வியன்னாவில் அடக்கம் செய்யப்பட்டது. 1891-ம் ஆண்டில் எலும்புகள் புடாபெஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. 1906-ம் ஆண்டில் அந்நகரத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. 1969-ம் ஆண்டில் அங்குள்ள வைத்திய சர்வகலாசாலை அவர் பெயரைப் பூண்டது. தாபான் பகுதியில் அவர் பிறந்த மளிகைக்காரர் வீடு இப்போது வைத்திய சரித்திரக் காட்சிசாலையாயிருக்கிறது; அவ்வீட்டு முற்றத்தின் சுவரிலேயே அவர் எலும்புகள் இன்று வைக்கப்பட்டுள்ளன.